கலங்கரை விளக்கத்தை விசுவாச அடையாளமாகப் படமெடுப்பது: முழுமையான வழிகாட்டி

கலங்கரை விளக்கத்தை அழகாகப் படமெடுக்க நல்ல வானமும் ஒரு டிரைபாடும் போதும். அதே விளக்கம் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால், அந்த வெளிச்சம் தேவைப்படுகிற ஒருவர் படத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வள்ளம், கரையில் காத்திருக்கும் ஓர் ஆள், குறைந்தபட்சம் இருட்டிக்கொண்டு வரும் கடல். புதிதாக எடுப்பவர்கள் கோபுரத்தை மட்டும் பெரிதாக எடுத்துக்கொண்டு திரும்புவதால்தான் படம் சுற்றுலா அட்டை போல முடிந்துவிடுகிறது.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். கேமராவைக் கையில் எடுப்பது ஐந்தாம் படியில்தான். உதாரணத்துக்குத் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டை எடுத்துக்கொள்வோம். கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரே மணற்குன்றில் திருச்சிலுவை ஆலயமும் கலங்கரை விளக்கமும் அருகருகே நிற்கும் ஊர் அது. புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகையும் அங்கேதான் இருக்கிறது.

1. எந்தப் பொருளில் எடுக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வேதாகமத்தில் கலங்கரை விளக்கம் என்று ஒன்று வருவதே இல்லை. ஒளி, விளக்கு, மலைமேல் பட்டணம், துறைமுகம் ஆகியவை வருகின்றன. அவற்றில் எதைச் சொல்லப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, கேமரா நிற்கும் இடமே மாறிவிடும்.

"நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்ற யோவான் 8:12 உங்கள் பொருளானால், கோபுரம் சிறிதாகவும் இருள் பெரிதாகவும் இருக்கட்டும். சுற்றிலும் இருள் நிறைய இருந்தால்தான் ஒரு புள்ளி வெளிச்சத்துக்கு எடை கூடும். படத்தின் உயரத்தில் கால்பங்குக்கு மேல் கோபுரம் எடுத்துக்கொண்டால் பேச்சு கட்டடத்தைப் பற்றியதாகிவிடும்.

மத்தேயு 5:14, அதாவது மலையின்மேல் இருக்கிற பட்டணம், உங்கள் பொருளானால் தனிக் கோபுரம் போதாது. குன்று, ஆலயம், கீழே வீடுகளின் விளக்குகள் எல்லாம் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பிரசங்கியார் டி. எல். மூடி சொன்ன உவமை இங்கே உதவும். துறைமுகத்தில் மேலே பெரிய விளக்கு எரிகிறது. ஆனால் கரையோரச் சிறு விளக்குகள் அணைந்து கிடந்ததால் மாலுமிக்குத் துறைக்குள் நுழையும் வழி தெரியவில்லை. மேல்விளக்கு கடவுளுடையது, கீழ்விளக்குகள் நம்முடையவை என்பது அதன் சாரம். படத்தில் இதைக் காட்ட, குன்றின் மேல் ஒரு வெள்ளை வெளிச்சமும் கீழே மஞ்சள் வெளிச்சங்களும் போதும்.

மூன்றாவது பொருள் கரைசேர்தல். ரோமாபுரியின் ஆதிக் கிறிஸ்தவர்களின் கல்லறைப் பலகைகளில் ஒரு கப்பலும் ஒரு கலங்கரை விளக்கமும் சேர்த்துச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வாழ்க்கைப் பயணம் முடிந்து துறை சேர்வதை அவை காட்டுகின்றன. இதற்குப் படகு கட்டாயம். அதுவும் விளக்கம் இருக்கும் திசையில் போகிற படகு.

நான்காவது எச்சரிப்பு. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கலங்கரை விளக்கம் "இங்கே வா" என்று மட்டும் சொல்வதில்லை. "இங்கே பாறை, விலகிப் போ" என்றும் சொல்கிறது. படகு நேரே கோபுரத்தின் அடிவாரத்துக்குப் போவதாக எடுத்தால், கடல் தெரிந்தவருக்கு அது விபத்துக் காட்சி. கோபுரத்துக்குப் பக்கவாட்டில், இடைவெளி விட்டுத் துறையை நோக்கிப் போவதாக எடுங்கள்.

நான்கில் ஒன்றை மட்டும் ஒரு வரியில் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் நான்கையும் அடைக்கப் பார்த்தால் எதுவும் நிற்காது.

2. இடத்தைப் பகலில் போய்ப் பாருங்கள்

பகலில் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, விளக்கு எந்தப் பக்கம் தெரிகிறது என்பது. பல விளக்கங்களில் ஊர்ப்பக்கக் கண்ணாடிகளை மறைத்திருப்பார்கள், வெளிச்சம் வீடுகளுக்குள் அடிக்கக் கூடாது என்பதற்காக. அந்தப் பக்கம் டிரைபாடை நிறுத்திவிட்டால் இரவு முழுக்கக் காத்திருந்தாலும் விளக்கின் மின்னல், அதாவது விட்டுவிட்டு அடிக்கும் வெளிச்சம், தெரியாது.

இரண்டாவது, சூரியன் எங்கே என்பது. மணப்பாடு போன்ற கிழக்குக் கரை ஊர்களில் சூரியன் கடலில் உதித்து நிலத்தில் மறைகிறது. காலையில் கடலை நோக்கி எடுத்தால் கோபுரம் கருநிழலாக வரும். மாலையிலோ முதலில் இருட்டுவது கிழக்கு வானம். பூமியின் நிழல் நீலப் பட்டையாகக் கடலிலிருந்து மேலே ஏறும். அந்தப் பட்டைக்கு முன்னால் விளக்கு வந்தால், மேற்கு வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும்போதே ஒளி எடுப்பாகத் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் போன்ற மேற்குக் கரை இடங்களில் கணக்குத் தலைகீழ். அங்கே கடல்மேல் அந்திச் செம்மை நெடுநேரம் நிற்பதால் விளக்கு தெரிய இன்னும் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆலயமும் விளக்கமும் ஒரே வரிசையில் எங்கிருந்து சேர்கின்றன என்பது. குன்றின் மேலேயே நின்று 24 மி.மீ. லென்ஸால் எடுத்தால் இரண்டும் விலகி, சின்னதாகி, கோபுரம் பின்னால் சாயும். ஊர்ப்பக்கக் கடற்கரையில் தள்ளி நின்று 100 முதல் 200 மி.மீ. வரை போட்டால் சிலுவையும் விளக்கும் பக்கத்தில் வந்து நிற்கும். நடந்து நடந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து, போனில் ஒரு படம் எடுத்து, நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இருட்டில் தேட முடியாது.

சென்னையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெரினாவில் 1977-இல் திறக்கப்பட்ட முக்கோணக் கோபுரம் சாந்தோம் கடற்கரையிலிருந்து வடக்கே தெரியும். ஆனால் நகர வெளிச்சத்தில் விளக்கின் மின்னல் கரைந்துபோகும். அங்கே இரவைவிட விடியற்காலையே நல்லது.

3. விளக்கின் நேரத்தை எண்ணுங்கள்

ஒவ்வொரு விளக்கத்துக்கும் தனி மின்னல் முறை உண்டு; மாலுமி அதை வைத்துத்தான் எந்த ஊர் என்று அடையாளம் காண்கிறார். ஒன்று 10 விநாடிக்கு இருமுறை மின்னும், இன்னொன்று 20 விநாடிக்கு மும்முறை. ஒரு தொகுதியின் முதல் மின்னலில் நிறுத்துகடிகாரத்தை அழுத்தி, அடுத்த தொகுதியின் முதல் மின்னலில் நிறுத்துங்கள். ஐந்து முறை எண்ணிச் சராசரி எடுத்தால் போதும்.

கூடவே, லென்ஸ் சுழல்கிறதா அல்லது விளக்கே அணைந்து எரிகிறதா என்றும் பாருங்கள். சுழலும் லென்ஸில்தான் வானத்தைத் தடவிப்போகும் ஒளிக்கற்றை உண்டு. இருந்த இடத்திலேயே மின்னும் எல்இடி விளக்கில் அது இருக்காது. இல்லாத கற்றைக்காகக் காத்திருந்து மாலையை வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது.

4. அனுமதி

இந்தியாவில் விளக்கங்கள் மத்திய அரசின் கலங்கரை விளக்க இயக்குநரகத்தின் பொறுப்பில் உள்ளன. வெளியே கடற்கரையில் நின்று எடுப்பது ஒன்று, வளாகத்துக்குள் எடுப்பது வேறு. உள்ளே போகவும் மேலே ஏறவும் பார்வை நேரமும் கட்டணமும் உண்டு. டிரைபாடு, திரைப்படக் குழு என்றால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். டிரோனுக்கு அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பகுதியின் நிறத்தைப் பார்த்துவிட்டு, வளாகப் பொறுப்பாளரிடமும் சொல்லிவிட வேண்டும்.

ஆலயத்தில் பங்குத்தந்தையைப் பாருங்கள். திருப்பலி நேரம், செபிக்கிறவர்களின் முகம், நற்கருணைப் பேழை இவற்றைப் படமெடுப்பது பற்றி அவர் சொல்வதே முடிவு. மணப்பாட்டில் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டிக் கூட்டம் நெரியும். மக்கள் வேண்டுமென்றால் அப்போது போங்கள், தனிமை வேண்டுமென்றால் தவிர்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த அனுமதி இருந்தாலும் செய்யக் கூடாது. கடலை நோக்கிப் பளிச்சென்று மின்னும் விளக்கோ லேசரோ அடிக்காதீர்கள். கடலில் இருப்பவர் அதை வேறு விளக்கமாக நினைத்துவிட்டால் வழி தப்பும்.

5. கருவிகளும் அவற்றின் காவலும்

வேண்டியவை: கையால் எல்லா அளவும் மாற்றக்கூடிய கேமரா, ஒரு 70–200 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 அல்லது 2.8 வரை திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும்) 35 மி.மீ. ஒட்டிய லென்ஸ், கனமான டிரைபாடு, ரிமோட், தலைவிளக்கு (சிவப்பு வெளிச்சம் உள்ளது), மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து. துணி நிறைய வேண்டும். கடற்காற்றில் சில நிமிடங்களுக்கொரு முறை உப்புத் திவலை முன்கண்ணாடியில் படியும். ஒரே துணியால் துடைத்தால் உப்பைத் தேய்த்துப் பரப்புவீர்கள்.

டிரைபாடின் கால்களை மணலில் ஒரு சாண் அளவு அழுத்தி இறக்குங்கள். மேலோட்டமாக வைத்தால் 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு கால் மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் இறங்கி, நீளமான லென்ஸில் கோபுரம் இரட்டையாகத் தெரியும். அலை வந்து தொடும் ஈரமணலில் வைக்கவே வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்கு வந்து பையைத் திறந்தால் கண்ணாடி முழுக்க ஆவி பூத்துவிடும். அரை மணி நேரம் பையை மூடியபடியே வெளியில் வைத்திருங்கள். லென்ஸை மாற்றுவதென்றால் வண்டிக்குள் மாற்றுங்கள். வீடு திரும்பியதும் டிரைபாடின் மூட்டுகளை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

6. இருட்டும் முன்பே ஃபோகஸ்

வெளிச்சம் இருக்கும்போதே விளக்கறையின் கைப்பிடிக் கம்பியில் ஃபோகஸ் வைத்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்து, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். விளக்கு அணைந்து எரியும்போது ஆட்டோ ஃபோகஸ் ஒவ்வொரு இடைவெளியிலும் தேடத் தொடங்கும். நல்ல மாலைகள் பெரும்பாலும் வீணாவது இந்த ஒரு தவறால்தான்.

போனில் எடுப்பவர்கள் விளக்கறையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். பூட்டாவிட்டால் ஒவ்வொரு மின்னலுக்கும் வானம் கருத்து வெளுக்கும்.

7. அந்திப் படம்

நம் ஊரில் சூரியன் மறைந்து 20 முதல் 35 நிமிடம் வரைதான் பொன்னான நேரம். அதற்கு முன் விளக்கு எடுபடாது. அதற்குப் பின் வானம் கறுத்துக் கோபுரத்தின் விளிம்பே தெரியாது.

தொடக்க அளவு: எஃப் 8, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர் அளவு) 200, ஷட்டர் 10 விநாடி. வானத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். ஆனால் விநாடியை மட்டும் விளக்கின் ஒரு முழுச் சுற்று நேரத்துக்குச் சமமாக வையுங்கள். 10 விநாடிக்கு இருமுறை மின்னும் விளக்கில் 10 விநாடி திறந்திருந்தால் எப்போது அழுத்தினாலும் சரியாக இரண்டு மின்னல் விழும். 7 விநாடி வைத்தால் ஒரு படத்தில் இரண்டு, இன்னொன்றில் ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும்.

விளக்கறை வெளுத்துப் பொங்கினால், அதே இடத்தில் கேமராவை அசைக்காமல் ஷட்டரை அரை விநாடி மட்டும் திறந்து இன்னொரு படம் எடுத்துவையுங்கள். பிறகு விளக்கறையை மட்டும் அதிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம்.

எஃப் 11-க்கு மேல் போனால் விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள் வரும். துளையின் இதழ்கள் ஆறு என்றால் ஆறு கதிர், ஒன்பது என்றால் பதினெட்டு. நான்கு கதிரைச் சிலுவைபோல வரவழைக்கும் ஃபில்டரும் கடையில் கிடைக்கிறது. அதை வாங்காதீர்கள். தெருவிளக்கு, படகு விளக்கு எல்லாவற்றிலும் அதே சிலுவை முளைத்து, சொல்ல வந்ததை மலிவாக்கிவிடும். மணப்பாட்டில் உண்மையான சிலுவை பக்கத்திலேயே நிற்கிறது.

8. ஒளிக்கற்றையைப் பிடிப்பது

கற்றை தெரிய வேண்டுமானால் காற்றில் ஈரமோ மெல்லிய மூடுபனியோ வேண்டும். மழை கழுவிய தெளிந்த இரவில் அது மங்கலாகத்தான் தெரியும். நிலாவும் கூடாது. அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே நீண்ட எக்ஸ்போஷர், அதாவது ஷட்டர் நெடுநேரம் திறந்திருப்பது, எதிரி. லென்ஸ் ஒரு சுற்றுக்கு 10 விநாடி எடுத்தால், ஒரு விநாடியில் கற்றை 36 பாகை நகர்ந்துவிடும். படத்தில் விசிறிபோல மங்கும். கால் விநாடியில் 9 பாகைதான். எனவே எஃப் 1.8 அல்லது 2.8, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, கால் விநாடி என்று வைத்துத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருங்கள். சுழற்சி மெதுவாக இருந்தால் அரை விநாடி வரை போகலாம். கடலும் குன்றும் தெளிவாக வர, அந்தியில் எடுத்த நீண்ட படத்தோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. படகும் ஆளும்

வள்ளம் எப்போது வரும் என்று கரையில் இருப்பவர்களிடமே கேளுங்கள். முத்துக்குளித்துறையின், அதாவது தூத்துக்குடிக் கடற்கரையின், கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. அன்று கடலில் படகைத் தேடினால் கிடைக்காது, கரையில் வரிசையாக நிற்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது.

நகரும் படகு 10 விநாடியில் கோடாகிவிடும். விளக்கோடு வரும் படகு என்றால் அந்தக் கோடே அழகு. வழி தெரிந்து வந்த தடம் போல இருக்கும். படகின் உருவம் வேண்டுமென்றால் சூரியன் மறைந்து 10 நிமிடத்துக்குள், 1/125 விநாடியில் எடுத்துவிடுங்கள்.

கரையில் நிற்கும் ஆளைக் கோபுரத்தைப் பார்க்கச் சொல்லிக் கைகளை விரிக்க வைப்பது தேய்ந்துபோன காட்சி. அவர் கடலைப் பார்க்கட்டும், விளக்கம் அவர் பின்னால் இருக்கட்டும். யாருக்காகவோ காத்திருப்பது அதில் தானாக வந்துவிடும். கரையில் இருக்கும் பெண்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாமென்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

10. வீடியோவில் இருளுக்கு இடம் கொடுங்கள்

வீடியோவில் மட்டுமே கிடைக்கும் ஒன்று இரண்டு மின்னல்களுக்கு நடுவே உள்ள இருள். "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்கிறது எபிரெயர் 11:1. அதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது. முதல் மின்னலைப் பார்வையாளர் கவனிக்கிறார், விளக்கு அணைகிறது, மறுபடி வருமா என்று காத்திருக்கிறார், வருகிறது. எனவே ஒரு ஷாட் குறைந்தது இரண்டு முழுச் சுற்று நீளம் இருக்கட்டும். 10 விநாடிச் சுற்றுக்கு 20 விநாடி. எடிட்டிங்கில் இருளை வெட்டி மின்னல்களை அடுத்தடுத்து ஒட்டுபவர்கள் உயிரை வெட்டிவிடுகிறார்கள்.

வெட்டுவதென்றால் மின்னல் முடிந்த கணத்தில் வெட்டுங்கள். இருளின் நடுவில் வெட்டினால் விளக்கு அணைந்தேபோனது போலத் தோன்றும். அந்தப் பொருள் உங்களுக்கு வேண்டுமென்றால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தெருவிளக்குகள் இந்த அளவில் துடிக்காது. 30 ஃபிரேமும் 1/60-உம் வைத்தால் பின்னணியில் விளக்குகள் மினுமினுக்கும். வெளிச்சம், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள்.

அடுத்த ஷாட்டில் ஒருவர் முகத்தில் வெளிச்சம் பட்டு மறைவதாகக் காட்டினால், அதுவும் அதே தாளத்தில் விழ வேண்டும். கையால் மறைத்து விடும் சிறு எல்இடி பலகை போதும், ஒருவர் கடிகாரம் பார்த்து எண்ண வேண்டும். தொலைவில் இருக்கும் விளக்கு முகத்தைப் பளிச்சென்று காட்டாது. மெல்லியதாக, வெள்ளையாக வையுங்கள்.

இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் டைம்லாப்ஸில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. 10 விநாடிச் சுற்றுள்ள விளக்கைச் சிறிய எக்ஸ்போஷரில் 10 விநாடிக்கு ஒரு படம் என்று எடுத்தால், எல்லாப் படத்திலும் விளக்கு எரியும், அல்லது எதிலுமே எரியாது. எக்ஸ்போஷரை 10 விநாடி, இடைவெளியை 12 விநாடி என்று வைத்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவு வெளிச்சம் விழும்.

ஒலிக்கு அலையும் காற்றும் தனியாக இரண்டு மூன்று நிமிடம் பதிவு செய்யுங்கள். மைக்குக்கு ரோம உறை கட்டாயம். ஒளிக்கற்றை திரும்பும்போது "உஷ்" என்று ஓசை சேர்க்காதீர்கள். அந்த அமைதியே காட்சிக்குத் துணை.

11. திருத்தம்

செயற்கைக் கற்றை ஒட்டாதீர்கள். உண்மையான கற்றை சில பாகை அகலமே உள்ளது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய இணையாகப் போகும். ஆலயத்தின் மேலோ படகின் மேலோ டார்ச் அடித்ததுபோல அது கீழே இறங்காது. கடலோரத்தில் பிறந்தவர் ஒரு பார்வையில் பொய்யைக் கண்டுபிடிப்பார். விசுவாசத்தைப் பற்றிய படத்தில் அந்தப் பொய் இரட்டிப்பாக உறுத்தும்.

கோபுரத்தின் வண்ணப் பட்டைகளையும் மாற்ற வேண்டாம். பகலில் அதுதான் அந்த விளக்கத்தின் அடையாளம். வானத்தை நீலத்துக்கு இழுக்கும்போது வெள்ளைப் பட்டை நீலம் பூசிக்கொள்ளும். அதை மட்டும் தனியாகத் திருத்துங்கள். நிழல்களை அளவுக்கு மீறி மேலே ஏற்றாதீர்கள். இருட்டில் எல்லாமே தெரிந்துவிட்டால் விளக்குக்கு வேலை இல்லை.

12. வசனம் சேர்ப்பதும் கொடுப்பதும்

எழுத்து வைக்க எடுக்கும்போதே இடம் விடுங்கள், வானத்திலோ கடலிலோ மூன்றில் ஒரு பங்கு. பின்னால் வெட்டி இடம் உண்டாக்கினால் படகு போய்விடும். வசனத்தை விளக்கிலிருந்து தள்ளியே வையுங்கள். வெள்ளை எழுத்து விளக்கோடு போட்டியிடும். ஒரே வரி போதும்.

கத்தோலிக்கப் பங்குக்கு என்றால் பொது மொழிபெயர்ப்பிலிருந்தும், சிஎஸ்ஐ போன்ற சபைகளுக்கு என்றால் அவர்கள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தும் எடுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த வசனத்தில் ஒரு சொல் மாறினாலும் வாசிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார், படம் பின்னுக்குப் போகும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, நீல வானம் பட்டை பட்டையாகப் பிரியும். ஆவணமாக அனுப்புங்கள். அச்சுக்கு 300 டிபிஐ, மேட் தாள். பளபளப்புத் தாளில் இருண்ட பகுதி முழுக்கக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். படகுக்காரருக்கும் பங்குக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள்.